பால்வீதியின் நடுவுக்கு 520 ஜம்ப்!

பூமிக்குப் போக பெர்மிட் வேண்டும். அதுவும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஃபெடரேஷன் என்ற அரசாங்கத்துக்கு சரக்கு ஏற்றி, தபால் சுமந்து, நல்ல பேர் எடுத்து, ஒரு பதவி வாங்கினால்தான் சூரியக் குடும்பத்தின் கதவு திறக்கும். சொந்த ஊருக்குள் நுழைய விசா எடுப்பதுபோலத்தான்.

நான் சொல்வது ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற ஆன்லைன் விண்வெளி விளையாட்டில். அந்த பெர்மிட்டை வாங்கிக்கொண்டு, பூமியைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, நம் பால்வீதியின் மையத்தை நோக்கிக் கிளம்பினேன். தூரம் 25,900 ஒளியாண்டுகள்.

‘கேம்தானே, யாரோ வரைந்து வைத்த ஊர்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். பால்வீதியை அதே அளவில் கம்ப்யூட்டருக்குள் கட்டியிருக்கிறார்கள். சுமார் 40,000 கோடி நட்சத்திரங்கள். வானியல் அட்டவணைகளில் இருக்கும் நிஜ நட்சத்திரங்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. மீதியை, நட்சத்திரங்களும் கோள்களும் உருவாகும் விதிகளை வைத்து ஒரு மென்பொருள் நிரப்புகிறது. 2017-ல் ட்ராப்பிஸ்ட்-1 என்ற சிறு நட்சத்திரத்தைச் சுற்றி பூமி அளவுள்ள ஏழு கோள்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தபோது, ஏறக்குறைய அதே இடத்தில் மங்கலான ஒரு நட்சத்திரத்தையும் சில பாறைக் கோள்களையும் இந்த மென்பொருள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. கொஞ்சம் திருத்தினார்கள், பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இதன் தாத்தா ‘எலைட்’. 1984-ல் டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. அன்றைய குட்டிக் கம்ப்யூட்டருக்குள் 8 கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள் என்று அடைத்தார்கள். 30 வருடம் கழித்து, 2014 டிசம்பரில் பேரன் வந்தான். இதை போனில் விளையாட முடியாது. நல்ல கம்ப்யூட்டரும் நிறைய பொறுமையும் வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

விளையாட்டின் காலண்டர் நம்முடையதைவிட 1,286 வருடம் முன்னே ஓடுகிறது. 1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் அங்கே உண்டு. கிரகங்களை எல்லாம் தாண்டி, வெறும் இருட்டில், நேர்கோட்டில் வெகுநேரம் ஓட்டினால் வாயேஜர் 1-ஐப் பார்க்கலாம். சின்ன டிஷ் ஆன்டெனா, நீட்டிய கைகள். என் கப்பலின் விளக்கைப் போட்டுச் சற்று நேரம் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த 25,900 ஒளியாண்டில் பார்க்கப்போகும் எதுவும் இவ்வளவு பழசாக இருக்காது என்று தோன்றியது.

என்னுடையது ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் ரகக் கப்பல். மூக்கு முழுக்கக் கண்ணாடி. ஒரு ஜம்ப்புக்கு 50 ஒளியாண்டு தாவும். மையத்துக்கு எத்தனை ஜம்ப் என்று வகுத்தால் சுமார் 520 வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் வைத்தாலும் ஒன்பது மணி நேரம் ஆகிறது. வழியில் வேடிக்கை பார்க்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. எனக்கு மூன்று வாரம் ஆனது, வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் என்று.

வழக்கம் இதுதான். கணக்கிட்டுத் தயாராகி, எண்ணிக்கை முடிந்ததும் கப்பல் ஒரு சுரங்கத்துக்குள் பாய்கிறது. சில விநாடிகள் கழித்து, முகத்துக்கு நேராக ஒரு சூரியன் வந்து நிற்கும். நூறு முறை பார்த்த பிறகும் அந்த நொடியில் உடம்பு பின்னால் சாய்கிறது. உடனே ‘ஹார்ன்’ அடிக்க வேண்டும். உண்மையிலேயே பஸ் ஹார்ன் மாதிரி ஒரு சத்தம். அது அந்த நட்சத்திரத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று துழாவும் கருவி. பிறகு சூரியனின் ஓரமாக ஒட்டிப் போய், அதன் வாயுவையே உறிஞ்சி டாங்க்கை நிரப்பிக்கொண்டு அடுத்த ஜம்ப்.

எல்லா நட்சத்திரமும் பெட்ரோல் பங்க் அல்ல. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வானியலாளர்கள் வகை பிரித்திருக்கிறார்களே, அந்த ஏழு வகையில்தான் எரிபொருள் கிடைக்கும். பழுப்புக் குள்ளன்கள் வரிசையாக வந்துவிட்டால் ஆள் காலி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த எழுத்து வரிசை, எரிபொருள் முள் கீழே இறங்கும்போது எப்படி நினைவுக்கு வருகிறது என்கிறீர்கள்!

“இப்போ எங்கப்பா இருக்கே?” என்று அம்மா தினமும் கேட்பார்.

“ஒமேகா நெபுலாம்மா.”

“அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா?”

கிடைக்காது. மனிதர்கள் குடியேறிய பகுதியின் பெரும்பங்கு சூரியனைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு ‘பபிள்’ என்று பெயர், குமிழி. அதைத் தாண்டினால் ஸ்டேஷன் அரிது, ரேடியோவில் பேச்சுக் குரல் இல்லை. நெபுலாக்களைக் கடந்த பிறகு பெயர்கள்கூட இல்லை. கூட்ஸ் ரயில் பெட்டியில் எழுதியிருப்பதுபோல எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு மட்டும்.

ஆனால் மையத்துக்குப் போகும் நேர்வழி ஆள் நடமாட்டமில்லாத வழி அல்ல. ஒரு நட்சத்திரத்தை முதலில் கண்டு, தகவலைப் பத்திரமாகக் கொண்டுவந்து விற்றவரின் பெயர் அதன் பக்கத்தில் நிரந்தரமாக எழுதப்படும். நேர்வழியில் போனால் ஒவ்வொரு சூரியனிலும் யாரோ ஒருவரின் பெயர். மலைக்கோட்டைப் பாறையில் பெயர் கிறுக்கியிருப்பார்களே, அந்த எரிச்சல் வந்தது. அதனால் பால்வீதித் தட்டின் தளத்திலிருந்து ஆயிரம் ஒளியாண்டு மேலே ஏறி, பிறகு மையத்தை நோக்கித் திரும்பினேன். பெயர்கள் நின்றுபோயின. இத்தனை வருடம், இத்தனை பேர் சுற்றியும் இந்த கேலக்ஸியில் ஒரு சதவிகிதம்கூடப் பார்த்து முடிக்கவில்லை.

அங்கேதான் அந்தக் கோள் கிடைத்தது.

ஹார்ன் அடித்த பிறகு, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல அலைவரிசையைத் திருகித் திருகி ஒவ்வொரு கோளாகத் தேட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஓசை. பாறைக் கோளுக்கு ஒன்று, வாயுக் கோளுக்கு ஒன்று. அனுபவம் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அன்று வந்த ஓசை நான் பூமியில் மட்டும் கேட்டது. அருகில் போனேன். நீலக் கடல், மேகச் சுருள்கள், பழுப்பும் பச்சையுமாக இரண்டு கண்டங்கள். இறங்க முடியாது, அடர்ந்த காற்றுள்ள கோளில் தரையிறங்க இந்த விளையாட்டில் வசதி இல்லை. சுற்றி வந்து இரவுப் பக்கத்துக்குப் போனேன். பூமியின் இரவுப் பக்கம் முழுக்க நகரங்களின் வெளிச்சம் மின்னும். இங்கே ஒரு விளக்குகூட இல்லை. தண்ணீர், காற்று, வெயில் எல்லாம் இருக்கிறது. எரியவிடத்தான் ஆள் இல்லை.

அதன் தகவல் என் கப்பலில் மட்டும் இருந்தது. கப்பல் வெடித்தால் அதுவும் போகும். காப்பி எடுத்து வைக்க வழியே கிடையாது.

நான்கு நாள் கழித்து, ஒரு ஜம்ப் முடிந்து வெளியே வந்தால் இரண்டு சூரியன்கள். ஒன்றையொன்று ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் நான். வெப்பமானி 100-ஐத் தாண்டி 150-ஐத் தாண்டி ஏறுகிறது. காக்பிட்டில் புகை. எந்தப் பக்கம் திருப்பினாலும் தீ. இடுக்கில் புகுந்து வெளியே வந்தபோது கப்பலின் உடம்பு 31 சதவிகிதம்தான் மிச்சம். என்ஜினைச் சரிசெய்யும் கருவி என்னிடம் இருந்தது. வெளி ஓட்டைச் சரிசெய்ய எதுவும் இல்லை. இன்னொரு முறை இப்படி மாட்டினால் கப்பலும் இல்லை, அந்த நீலக் கோளும் இல்லை.

இந்த இடத்தில் சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஃப்யூயல் ராட்ஸ்’ என்று ஒரு கூட்டம், 2015-லிருந்து இயங்குகிறது. எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்பவரைத் தேடிப் போய் எரிபொருள் கொடுப்பதுதான் வேலை. டாங்க் காலியானால் கப்பலில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். ‘உடனே விளையாட்டிலிருந்து வெளியேறி மெயின் மெனுவில் நில், நாங்கள் சொல்லும்போது உள்ளே வா’ என்பார்கள். அப்போதுதான் ஆக்சிஜன் கடிகாரம் நிற்கும். இவர்களைப் போலவே, உடைந்த கப்பலைப் பழுதுபார்க்க ‘ஹல் சீல்ஸ்’ என்ற கூட்டம். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. விளையாட்டுப் பணம்கூட வாங்குவதில்லை.

ஹல் சீல்ஸுக்குத் தகவல் அனுப்பினேன். ஒருவர் பதில் எழுதினார். அவர் இருந்த இடம் என்னிடமிருந்து 4,000 ஒளியாண்டு. எனக்கு இரவு 11 மணி. அவர் ஊரில் மாலை, சமையலை முடித்துவிட்டு வந்ததாக எழுதினார். அதற்குப் பிறகு எழுபது சொச்சம் ஜம்ப், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். முகம் தெரியாத ஒருவருக்காக.

ரேடாரில் ஒரு புள்ளி தெரிந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் நான் பார்த்த முதல் இன்னொரு கப்பல் அது. பக்கத்தில் வந்து நின்று, லிம்பெட் எனப்படும் சின்ன ட்ரோன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். அவை என் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து, தகடு தகடாக ஒட்டின. 31, 48, 70, 100. வெல்டிங் பட்டறை வாசலில் நிற்கும் லாரிக்காரர்போல நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே போகிறாய் என்று கேட்டார், மையத்துக்கு என்றேன். அவர் திரையில் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் பக்கத்தில் 7-ஐயும் தட்டினார். தலையும் சல்யூட் அடிக்கும் கையும். இந்த விளையாட்டில் எல்லோரும் வைக்கும் வணக்கம் அது. நானும் வைத்தேன். அடுத்த நிமிடம் அவர் போய்விட்டார்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். “காசு எதுவும் கேக்கலியா?” என்றார். இல்லை என்றதும், “பேராவது கேட்டு வெச்சுக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்டார்.

மீதி வழியை நியூட்ரான் நட்சத்திரங்கள் சுருக்கின. பெரிய நட்சத்திரம் வெடித்து மிச்சமான இந்தக் குட்டி உருண்டைகள் இரண்டு பக்கமும் நீலப் பீச்சலைக் கக்கிக்கொண்டு சுழல்கின்றன. கப்பலை அந்தப் பீச்சலுக்குள் விட்டால் குலுக்கி எடுக்கும். ஆனால் அடுத்த ஜம்ப் நான்கு மடங்கு தூரம் போகும். நட்சத்திரத்தின் மிச்சம் ஓர் எடைக்கு மேல் போனால் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது என்று கணக்குப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் அந்தக் கணக்கில் இறங்கினார். 1983-ல் நோபல் பரிசு. ஒவ்வொரு நீலப் பீச்சலுக்குள் நுழையும்போதும் அவரை நினைத்துக்கொண்டேன்.

மையத்தை நெருங்க நெருங்க இருட்டு குறைகிறது. கருப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளிகள் என்பது மாறி, அரிசி மாவைக் கொட்டியதுபோல ஆகிவிடுகிறது.

முன்பெல்லாம் மையத்துக்குப் போனவர்கள், சேர்த்த தகவலை விற்க மறுபடி பல ஆயிரம் ஒளியாண்டு போக வேண்டும். 2016-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஜாக்ஸ் என்ற மதுக்கடைக்காரரின் ஸ்டேஷன், கேலக்ஸியின் மறுகோடிக்குத் தாவப்போவதாகக் கதை விட்டார்கள். தாவியது, போய்ச் சேரவில்லை. விளையாடுபவர்கள் தேடிப் பிடித்தபோது, சூரியனிலிருந்து 22,000 ஒளியாண்டில் உடைந்து நின்றது. சரக்கு சுமந்து போய்ப் பழுதுபார்த்தார்கள். அதைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்து, இன்று அது கொலோனியா என்ற ஊர். பிறகு 2019 ஜனவரியில் 13,000 பேருக்கு மேல் ஒரே யாத்திரையாகக் கிளம்பினார்கள். வழியில் கனிமம் வெட்டிக் கொடுத்தார்கள். அதில் எழுந்ததுதான் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ்’ ஸ்டேஷன்.

அதன் வாசலில் அனுமதி கேட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு ரேடியோவில் ஒரு மனுஷக் குரல், இறங்க வேண்டிய மேடையின் எண்ணைச் சொன்னது. கணினி எழுதிவைத்த குரல்தான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. இறங்கியதும் முதல் வேலையாகத் தகவலை விற்றேன். பட்டியலில் நூற்றுக்கணக்கான குறியீடுகளுக்கு நடுவே அந்த நீலக் கோளைத் தேடிப் பிடித்து, தனியாக அதை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு பொத்தானை அழுத்தினேன்.

பிறகு ‘சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்’. நம் பால்வீதியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கருந்துளை. சூரியனைப்போல 40 லட்சம் மடங்கு எடை. 2022 மே மாதம் வெளியான அதன் நிஜப் படத்தில் ஆரஞ்சு வளையம் ஒன்று தெரிந்ததே, அது விளையாட்டில் கிடையாது. வெறும் ஓட்டை. முதலில் எதுவுமே தெரியாது. மெல்ல நகர்ந்தால், பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் வழிந்து, வளைந்து, ஒரு கண்ணுக்குத் தெரியாத உருண்டையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. வளையம் இல்லாததே நல்லது என்பது என் கட்சி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இங்கேருந்து நம்ம சூரியன் எந்தப் பக்கம்?” என்றார்.

வரைபடத்தைத் திறந்து, திசையைப் பிடித்து, கப்பலை அந்தப் பக்கமாகத் திருப்பினேன். அரிசி மாவுதான் தெரிந்தது.