மரியாளின் பதிலுக்குக் காத்திருந்த தூதன்

மாதர் ஐக்கியத்தில் வேதபாடம் முடிந்து, டீ குடிக்கிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். "சட்டமே பண்ணலாம்னு சொல்லுது. அப்புறம் நாம மட்டும் ஏன் பாவம்னு சொல்லணும்?" என்று ஷூ கம்பெனிக்குப் போகிற பிள்ளை ஒருத்தி கேட்பாள். "பாவத்துக்கு கவர்மெண்ட் எதுக்கு அனுமதி குடுக்குது? கேஸ் போட்டு உள்ள வெக்கணும்" என்று மூத்தவர் ஒருவர் சீறுவார். பேச்சு கருக்கலைப்பைப் பற்றி. பாதி ஆயுசைப் பிரசவ வார்டில் கழித்த நர்ஸ் என்பதால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கு இரண்டு பேரோடும் உடன்பாடில்லை. சட்டம் விட்டால் பாவமில்லை என்பவளும், பாவமென்றால் ஜெயில் வேண்டும் என்பவரும் மனசாட்சி பார்க்கவேண்டிய வேலையைச் சட்டத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

என் விசுவாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருப்பது தேவனுடைய கை வேலை. 139-ஆம் சங்கீதம் படித்து வளர்ந்தவளுக்கு வேறு மாதிரி நினைக்க வராது. மரியாள் வீட்டுக்குள் நுழைந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியது என்று லூக்கா எழுதியதை, பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. ரோமாபுரி ராஜ்யத்தில் வேண்டாத குழந்தையைத் தெருவில் விட்டுவிடுவது சாதாரணம். அந்தக் காலத்திலேயே டிடாக்கே என்ற ஆதித் திருச்சபையின் போதனை நூல், பிறந்த குழந்தையைக் கொல்வதையும் கருவை அழிப்பதையும் சேர்த்தே தடுத்தது. ஆக, இது நேற்று முளைத்த அரசியல் கருத்து அல்ல. அதே சமயம் தாயின் உயிர் போகிற நிலை வந்தால் டாக்டர் செய்யவேண்டியதைச் செய்தாக வேண்டும். அதில் எனக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை.

இனி சட்டம். அதை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் முழுசாகப் படித்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் கருக்கலைப்பு இன்றைக்கும் குற்றம்தான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவில் அதற்கு மூன்று வருஷம்வரை தண்டனை வைத்தது. சிசு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருஷம்வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் சேர்த்தி. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88-ஆம் பிரிவாக அதுவே உட்கார்ந்திருக்கிறது. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். பதிவு பெற்ற டாக்டர், அரசு ஆஸ்பத்திரி அல்லது அரசு அங்கீகரித்த இடம், குறிப்பிட்ட காரணம், குறிப்பிட்ட வாரம் எல்லாம் பொருந்தினால் குற்றமில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்துநாலு வாரம்வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும்; அதுவும் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், மைனர் பெண்கள், கர்ப்பத்தின் நடுவில் விதவையானவர்கள் போன்றவர்களுக்கு மட்டும். அதற்கும் மேலே, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாகவேண்டும் என்றால் வாரக்கணக்கு கிடையாது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், கல்யாணமாகாத பெண்ணுக்கும் இந்த இருபத்துநாலு வாரம் பொருந்தும் என்றது.

அந்த 1971 சட்டத்துக்கு 50 வருஷம் நிறைந்த 2021 ஆகஸ்ட் 10-ஐத் துக்க நாளாக அனுசரிக்கக் கத்தோலிக்கச் சபை அழைத்தது. அந்தத் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம், இதை நாம்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பதினெட்டு வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், அவள் சம்மதம் இல்லாமல் செய்யவும் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. புருஷன் கையெழுத்து தேவையில்லை. மாமியார், மாமனார், அண்ணன் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

சட்டப் புத்தகத்தில் அப்படி. நம் ஊரில் எப்படி என்று கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். தோல் சாயம் ஏறி நகக்கண்ணெல்லாம் பழுப்பாக இருந்தது. கையில் மெடிக்கல் ஷாப் கவர். "சிஸ்டர், நாள் தள்ளிப்போச்சு. இதுல அஞ்சு மாத்திரை கீது. எதை மொதல்ல போடணும்?" வாங்கிக் கொடுத்தது யார் என்றேன். "வூட்டுக்காரரு. வாங்கி டிவி மேல வெச்சிட்டு லோடுக்குப் போயிட்டாரு. மறுபடியும் பொண்ணுன்னா என்னா பண்றதுன்னு மாமியார் சொல்லிட்டாங்களாம்." சரி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் நெனைக்கிறதுக்கு இன்னா சிஸ்டர் கீது இதுல?"

கரு கர்ப்பப்பையில்தான் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் அந்த மாத்திரையைப் போடக்கூடாது. குழாயில் தங்கிய கருவை அது ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டாயிற்று, உதிரம் போகிறது, வேலை முடிந்தது என்று இவர்கள் இருக்கும்போதே உள்ளே குழாய் வெடிக்கும். அதைச் சொல்லி, அவளை மறுநாளே வாலாஜா அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பிறகு அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது அவள் விஷயம். இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளவும் முடியாது. 2015-ல் மட்டும் இந்தியாவில் ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு எழுபத்துமூன்று, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் மாத்திரையால் நடந்தவை. அதாவது, நாம் மாதர் ஐக்கியத்தில் மல்லுக்கட்டுகிற அந்தச் சட்டத்தின் பக்கமே பெரும்பாலான வீடுகள் போவதில்லை.

சுயாதீனத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத ஞாயிறு குறைவு. மோசே ஜனங்கள் முன்னால் ஜீவனையும் மரணத்தையும் வைத்து, ஜீவனைத் தெரிந்துகொள்ளச் சொன்னான். தேவனுக்கு எது பிரியம் என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. இருந்தும் அவர் யார் கையையும் முறுக்கவில்லை. இதைவிட எனக்கு நெருக்கமானது லூக்கா முதலாம் அதிகாரம். காபிரியேல் நாசரேத்துக்கு வந்தபோது மரியாளின் தகப்பனைத் தேடவில்லை, நிச்சயம் செய்யப்பட்ட யோசேப்பிடமும் போகவில்லை. அந்தப் பெண்ணிடமே பேசினான். இது எப்படி ஆகும் என்று அவள் எதிர்க்கேள்வி கேட்டாள், பதில் சொன்னான். ஆகட்டும் என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் தூதன் அவளைவிட்டுப் போனான். உலக ரட்சிப்பே ஒரு கிராமத்துப் பெண்ணின் பதிலுக்குக் காத்து நின்றது. நம் வீடுகளில் ஐந்து மாத்திரையை டிவி மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

யோசேப்பையும் சும்மா விடக்கூடாது. நியாயப்பிரமாணத்தின்படி அவளை ஊருக்கு முன்னால் நிறுத்த அவனுக்கு உரிமை இருந்தது. அவன் அந்த உரிமையைக் கையில் எடுக்கவில்லை. மத்தேயு அவனை நீதிமான் என்று அழைப்பது அந்த இடத்தில்தான். கேஸ் போடணும் என்று சொல்கிற பெரியவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இந்த மண்ணில் பெண்ணின் சம்மதம் என்ற கேள்வி பழசு. டாக்டர் ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் பிறந்தது இதே ராணிப்பேட்டையில். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டிய கதையை வேலூர்ப் பக்கம் எல்லா ஓய்வுநாள் பள்ளியிலும் சொல்வார்கள். மூன்று பேரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று அந்த வீட்டார் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்தார்கள். அதனால் ஐடா அமெரிக்கா போய், 1899-ல் கார்னெல்லில் டாக்டராகி, 1900-ல் திரும்பி வந்தார் என்று கதையை முடித்துவிடுவோம். உள்ளே வலி தின்றுகொண்டிருந்த மூன்று பெண்களிடம், ஆண் டாக்டர் வந்தால் பரவாயில்லையா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த இரவை நினைத்தால் எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, விசுவாசத்தை அப்படியே சட்டமாக்கிப் பூட்டினால் என்ன ஆகும்? அயர்லாந்து செய்து பார்த்தது. 1983-ல் சிசுவின் உயிர் உரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதினார்கள். 2012 அக்டோபரில், கர்நாடகத்து பெல்காமிலிருந்து போன பல் டாக்டர் சவிதா ஹலப்பனவர் பதினேழு வாரக் கர்ப்பத்தில் கால்வே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கரு கலைவது உறுதி என்று தெரிந்தும், இதயத் துடிப்பு இருக்கிறது என்று தாமதித்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி அவர் இறந்தார். பிள்ளையும் பிழைக்கவில்லை. 2018-ல் அந்த நாட்டு ஜனங்களே, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து, அந்தத் திருத்தத்தைத் தூக்கினார்கள். உயிரைக் காக்க எழுதிய வரி தாயின் உயிரைக் கொண்டுபோனது. அதனால்தான் நான் போலீஸை இதற்குள் கூப்பிட விரும்புவதில்லை.

ஆனால் சட்டத்தாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு கேஸ் இருக்கிறது. 2023 அக்டோபரில், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் கருவைக் கலைக்க அனுமதி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பம் வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். 9-ஆம் தேதி அனுமதி கிடைத்தது. இதயத் துடிப்பை நிறுத்தித்தான் செய்யவேண்டியிருக்கும் என்று எய்ம்ஸ் டாக்டர் எழுத, 11-ஆம் தேதி, அனுமதி கொடுத்த இரண்டு பெண் நீதிபதிகளுமே ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றார்கள். ஒரே வாரத்தில் நாட்டின் பெரிய கோர்ட்டே இரண்டு பக்கமும் நின்றது. அந்தத் தாயை நினைத்து நானும் இரண்டு பக்கமும் நின்றேன். குழந்தை பிறந்த பிறகு அவருக்கு வரப்போகிற ராத்திரிகளுக்கு யார் துணை என்பதைக் கோர்ட் எழுத முடியாது. அந்தப் பக்கம் சபைக்கு விடப்பட்டது.

அந்தப் பக்கத்தை நாம் எப்படி எழுதியிருக்கிறோம்? கல்யாணமாகாத பிள்ளை ஒன்று கர்ப்பமானால், சங்கதி ஆலய வாசலைத் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கப் பரவும். ஒரு சபையில் பார்த்தேன்: பெண்ணைத் திருவிருந்துக்கு வராதே என்று நிறுத்தினார்கள். காரணமான பையன் அதே ஞாயிறு வெள்ளை அங்கி போட்டுப் பாடகர் குழுவில் நின்று பாடினான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மற்றப் பெண்பிள்ளைகள் நாளைக்கு அப்படி ஒரு இக்கட்டு வந்தால் ஐயரம்மாவிடமா வருவார்கள்? மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார்கள். கருக்கலைப்புக்கு எதிராக நாம் பண்ணுகிற பிரசங்கத்தைவிட, கருக்கலைப்புக்கு நாம் பிடித்துத் தள்ளுகிற தள்ளு பலமாக இருக்கிறது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பாலானவற்றைச் சட்டமே நமக்காகச் செய்து வைத்திருக்கிறது. வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழு முன் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு கொடுக்க வேண்டும் என்று 2017-ல் திருத்தம் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி குழந்தைகள் காப்பகமும் வைக்க வேண்டும். ஆம்பூரிலும் இங்கே சிப்காட்டிலும் கம்பெனி வண்டியில் ஏறுகிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? கம்பெனி முதலாளிகளில் நம் சபைக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் காப்பகம் எங்கே என்று ஐயர் கேட்டதுண்டா? கருவிலிருக்கும் பிள்ளைக்காக உருகுகிறவர்கள், அதைச் சுமக்கிறவள் குடிக்கிற தண்ணீரைப் பற்றியும் கேட்கலாம். தண்ணீரைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்த பாஸ்டரேட் கமிட்டியில் அறுப்பின் பண்டிகைக் கணக்கும் காம்பவுண்டு சுவர் எஸ்டிமேட்டும் முடிந்ததும் ஒரு பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளை சுமக்கிறவளை மட்டும் திருவிருந்திலிருந்து நிறுத்துகிற வழக்கத்தை முதலில் எடுங்கள். எடுக்க மனசு வரவில்லை என்றால், பையனையும் பாடகர் குழுவிலிருந்து இறக்கி அவள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.