இரண்டு டயர்களின் மேல் ஒரு வீடு

கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில், மெயின் வீதியின் முனையில், நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1998இல் திறக்கப்பட்டது. நான் போன அன்று அதிகக் கூட்டம் ஒரு பச்சை நிற ஜிஎம்சி பிக்கப் வண்டியைச் சுற்றித்தான். அதன் முதுகில் கட்டில், அடுப்பு, மேஜையுடன் ஒரு குட்டி அறை. டான் குயிக்ஸாட்டின் குதிரையான ரோசினான்டேயின் பெயரை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயையும் ஏற்றிக்கொண்டு 1960இல் அமெரிக்காவைச் சுற்றினார் ஸ்டைன்பெக்.

எல்லோரும் அறைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். என்னை அழைத்து வந்த நண்பர் மட்டும் குனிந்து டயரைப் பார்க்கிறார்.

காரணம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களான அவரும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டார்கள். இனி அவர்கள் குடியிருக்கப்போவது வெளியே நிற்கும் பிக்கப்பின் முதுகில். டிரக் கேம்பர் என்று இதற்குப் பெயர். பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் அல்ல இது. வண்டியின் தொட்டியிலேயே இறக்கிப் பூட்டுகிற அறை. கிட்டத்தட்ட அதன் முழுப் பாரமும் பின் அச்சில், அதாவது இரண்டே டயர்களின் மேல், இறங்குகிறது. குளிர்காலத்தை அரிசோனா பாலைவனத்தில் கழிக்க உத்தேசம். மனைவிக்கு ஒரே பயம்: வளைவுகளில் வண்டி ஆடுகிறது.

"பெரிய டயர் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர்.

"முதலில் எடை போட்டாயா?" என்கிறார் மனைவி.

போடவில்லை. பலரும் போடுவதில்லை.

சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்டூஸ் கீரைக்குப் பேர்போனது. 101ஆம் எண் நெடுஞ்சாலையில், கீரை லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று எடைமேடையில் ஏறினோம். டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டின்படி பின் அச்சு தாங்கக்கூடியது 2,760 கிலோ. 16 அங்குல டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது, 80 பவுண்டு காற்றில் 1,380 கிலோ. இரண்டு டயருக்கும் கூட்டினால் அதே கணக்கு. மேடை காட்டியதோ 2,950. சீட்டு சொன்னதைவிட 190 கிலோ கூடுதல்.

கேம்பர் விற்றவர் தந்த விவரத்தாளில் இருந்தது வெறும் அறையின் எடை. தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 150 கிலோ. பிறகு எரிவாயு சிலிண்டர், பேட்டரி, பாத்திரங்கள், கணவரின் இரும்புச் சாமான்கள், மனைவியின் நான்கு பெட்டிப் புத்தகங்கள்.

டயர் கடைக்காரரிடம் விடை தயாராக இருந்தது: சிறு லாரிகளுக்குப் போடும் 19.5 அங்குல டயர். 95 பவுண்டு காற்றில் ஒன்று 1,650 கிலோ தாங்கும். ஆனால் பழைய ரிம்மில் அது ஏறாது. புது ரிம் வேண்டும், அந்த ரிம்மும் அதே பாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டயர் தாங்கி ரிம் விரிசல் விட்டால் என்ன பயன்? அவ்வளவு காற்றழுத்தத்துக்கு ரப்பர் வால்வு உதவாது, உலோக வால்வுதான். சக்கரம் கனம் என்பதால் நிறுத்துவதும் சிரமம். பாரமில்லாமல் ஓட்டினால் எலும்பு ஆடும்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம்: "டயர் தாங்கும். அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதே பழசுதானே? கதவுச் சீட்டில் இருக்கிற எண்ணை என்னால் மாற்ற முடியாது."

அதிகப் பாரமோ குறைந்த காற்றோ, இரண்டிலும் விளைவு ஒன்றுதான். டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. வேகமும் வெயிலும் சேர்ந்தால் உள்ளிருக்கும் எஃகுப் பட்டை ரப்பரிலிருந்து பிரிகிறது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது இப்படி மேல்பட்டை பிரிந்த விபத்துகளால்தான். அதே ஆண்டு வந்த சட்டத்தின் விளைவாகவே, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது.

ஸ்டைன்பெக்கும் பாரம் அறியாமல் ஏற்றியவர்தான். இனியாவது படிக்கலாம் என்று அவர் எடுத்துப்போன புத்தகங்களே சுமார் 70 கிலோ. ஆரிகன் மாநிலத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோசினான்டேயின் பின் டயர் வெடித்தது. இன்னொன்றும் புடைத்து நின்றது. பார்க்க முரடரான ஒரு பெட்ரோல் நிலையக்காரர் ஊரெல்லாம் தொலைபேசியில் தேடிக் கனரக டயர்களை வரவழைத்துக் காப்பாற்றினார். 1962இல் வெளிவந்த அந்தப் பயணநூலில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது என்று பிற்காலத்தில் விமர்சனம் எழுந்தது. "டயர் கதை மட்டும் நிஜமாகத்தான் இருக்கும்" என்கிறார் நண்பர்.

அன்று மாலை வண்டியைக் காலி செய்தார்கள். தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு. இரும்புச் சாமான்களை மகன் எடுத்துக்கொண்டான். புத்தகங்களில்தான் தகராறு. மூன்று பெட்டிகள் நூலகத்துக்குப் போயின. நான்காவதைத் தொட அந்த அம்மாள் விடவில்லை.

அதன் பிறகே புது டயர்கள் ஏறின. ஸ்டெப்னியையும் மாற்றினார்கள், பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், கடைசி இரண்டு ஆண்டு என்று கடைக்காரர் காட்டியபோதுதான் அது பத்து வயதைத் தாண்டியது தெரிந்தது. மறுபடி மேடை ஏறினோம். 2,720 கிலோ. டயர் கணக்கில் 580 கிலோ மிச்சம். அச்சுக் கணக்கில் 40 கிலோதான்.

"சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும்" என்றார் மனைவி.

அவர்கள் கிளம்பிய காலையில் வழியனுப்பப் போயிருந்தேன். காபி இன்னும் கொதிக்கவில்லை. டயர் சூடேறும் முன் அளந்தால்தான் கணக்கு சரி என்று, அந்த அம்மாள் கையில் மானியுடன் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் முழங்காலிட்டுக் காற்றை அளந்துகொண்டிருந்தார். எண்களை ஒரு நோட்டில் குறித்தார். பிறகுதான் சாவியைக் கணவரிடம் கொடுத்தார்.