ரொசெட்: சில குறிப்புகள்

சிறுத்தையின் உடம்பில் இருப்பது புள்ளி இல்லை. சின்னச் சின்னக் கருந்திட்டுகள் கூடி வளையம் கட்டிய பூ. காட்டுயிர்க்காரர்கள் ரொசெட், அதாவது குட்டி ரோஜா, என்கிறார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது, கொஞ்சம் அடர்ந்த பழுப்பு மட்டும்.

ஜாகுவாருக்கும் அதே பூ. ஆனால் உள்ளே ஒன்றிரண்டு பொட்டு. படத்தில் எது எது என்று குழம்பினால் வளையத்துக்குள் பார்க்க வேண்டும்.

சிவிங்கிக்குப் பூவே இல்லை. வெறும் புள்ளி.

ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது. கணக்கெடுக்கிறவர்கள் அதனால்தான் காட்டுப்பாதையின் இரு பக்கமும் கேமரா கட்டுகிறார்கள்.

மலேசியத் தீபகற்பத்தில் அநேகமாக எல்லாமே கருஞ்சிறுத்தை. எதை வைத்து அடையாளம் காண்பது? அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தார்கள். கறுப்புக்குள் பூக்கள் அப்படியே இருந்தன.

அச்சு முறுக்கு. இதுவும் பூதான்.

அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள். முட்டை சேர்ப்பவர்கள் சேர்ப்பார்கள். மாவைவிட அச்சுதான் முக்கியம். முதலில் அது எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. முக்கால்வாசிதான் முக்கலாம். மேல்விளிம்பு மூழ்கினால் மாவு அச்சைப் பூட்டிக்கொள்ளும். பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். புது அச்சு சண்டித்தனம் பண்ணும். எண்ணெயில் போட்டுப் பழக்கிய பழைய அச்சுக்காக அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பதும் உண்டு.

கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் கொக்கிஸ், சித்திரைப் புத்தாண்டுக்கு. ஆங்கிலோ இந்தியர் வீட்டில் கிறிஸ்துமஸ் ரோஸ் குக்கீஸ். நார்வேயிலும் இதே அச்சு, இதே நீளக் கம்பி, இதே கிறிஸ்துமஸ்.

எல்லா ஊரிலும் இடையில் ஓட்டை.

ஃபால்சிபாரம் மலேரியா. கிருமி புகுந்த சிவப்பணுவைச் சுற்றி நல்ல அணுக்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பூ. நடுவில் கள்ளன்.

ஓ குரூப் ரத்தத்தில் இந்தப் பூ சரியாகக் கட்டுவதில்லை. அவர்களுக்குக் கடுமையான மலேரியாவும் குறைவு.

குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா. செல்கள் வட்டமாக நிற்கும், நடுவில் காலி. ஃப்ளெக்ஸ்னர் 1891, விண்டர்ஸ்டைனர் 1897. இரண்டு பேர் பெயரும் சேர்த்து ஒரு ரொசெட். நியூரோபிளாஸ்டோமாவில் வேறு மாதிரி, நடுவில் நார்நாராக. அது ஹோமர் ரைட், 1910.

இதைப் பார்த்து ரோஜா என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

ஆனைச்சுவடிச் செடி. தரையோடு தரையாக, வட்டமாக அப்பிக் கிடக்கும் இலைகள். தண்டே இல்லை என்று தோன்றும். பருவம் வந்ததும் நடுவிலிருந்து விறைப்பாக ஒரு பூத்தண்டு கிளம்பும்.

ரொசெட் நெபுலா, சுமார் 5000 ஒளியாண்டு தூரம். நடுவில் இளம் நட்சத்திரக் கூட்டம். அவை வீசும் காற்றே தம்மைச் சுற்றியிருந்த வாயுவைத் தள்ளிக் குடைந்துவிட்டது. பிறந்த வீட்டைக் காலி பண்ணிய பிள்ளைகள்.

எஸ்2 என்று ஒரு நட்சத்திரம். பால்வீதியின் நடுவே உள்ள கருந்துளையை 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. போன பாதையிலேயே திரும்பிப் போவதில்லை. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நகர்கிறது, பாதை பூவாக விரிகிறது. 2020இல் உறுதி செய்தார்கள்.

எழும்பூர் மியூசியம், அமராவதித் தூண்கள். தாமரை வட்டங்கள். எல்லோரும் இதழைப் பார்க்கிறார்கள். பொகுட்டைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் குதிரைப் போட்டியின் முதல் பரிசு சிவப்பு ரொசெட், இரண்டாவது நீலம். அமெரிக்காவில் தலைகீழ். கடல் தாண்டினால் தோற்ற குதிரை ஜெயித்துவிடும்.

செவாலியே சிவாஜி. பிரெஞ்சு விருதுகளில் செவாலியேவுக்கு வெறும் ரிப்பன்தான். ரிப்பன் மேல் ரொசெட் வைப்பது அடுத்த படியில் இருப்பவருக்கு.

நம்மூர் விழா பேட்ஜ். சாட்டின் ரிப்பனைக் கொசுவிக் கொசுவித் தைத்த வட்டம், கீழே இரண்டு வால், நடுவில் அட்டை: ‘வரவேற்புக் குழு’. மாட்டியிருப்பவர் பெரும்பாலும் மேடையில் இருப்பார். வாசலில் வரவேற்பது பேட்ஜ் கிடைக்காத பையன்.