காட்டேஜ் புக் பண்ணும் முன்: சில குறிப்புகள்

“ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்று கேட்டால் நாள் வாடகையை மட்டும்தான் சொல்வார்கள். “எல்லாம் சேர்த்து, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மொத்தம் எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். ஊட்டியோ கொடைக்கானலோ, அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதற்குப் பதில் வந்தாக வேண்டும்.

*

வரி. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல், அதற்கு முன் 12). அதைத் தாண்டினால் 18. வாடகை 7,500 என்றால் வரி 375 ரூபாய். 7,600 என்றால் 1,368. நூறு ரூபாய் கூடியதற்கு 1,093 ரூபாய் அதிகம் கட்டுகிறோம். நாம் கொடுக்கும் தொகையை வைத்துத்தான் வரி. ரேட் கார்டை வைத்து அல்ல. எல்லையை ஒட்டிய வாடகை என்றால் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

*

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. நேரில் பணம் வாங்கும் வீட்டுக்காரர் “ப்ளஸ் ஜிஎஸ்டி” என்றால் எண்ணைக் கேளுங்கள். எழுத்தும் எண்ணுமாக 15 இருக்கும். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் என்று தெரிந்துவிடும். ஏர்பிஎன்பி போன்ற தளம் வழியாகப் போனால், பதிவு தேவைப்படாத சிறு உரிமையாளரின் வீட்டுக்கும் தளமே வரி கட்ட வேண்டும். அங்கே வரி வருவது முறையானதுதான்.

*

கிளீனிங் சார்ஜ் ஒரே தடவை. 1,500 ரூபாய் என்றால், ஐந்து நாள் தங்குபவருக்கு நாளுக்கு 300. ஒரு ராத்திரி தங்குபவருக்கு முழு 1,500. குறைந்த நாள் தங்குபவர்கள் இதைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

*

வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை பேர், எந்த வயதுக் குழந்தைக்குக் காசு, எக்ஸ்ட்ரா பெட், கேம்ப்ஃபயர், டிரைவர் தங்க இடம், செக்-அவுட் நேரம். கிச்சன் உண்டு என்றால் சிலிண்டரும் பாத்திரமும் உண்டா?

*

டெபாசிட். பெட்டியை இறக்குமுன் வீடு முழுக்க ஒரு வீடியோ: டைனிங் டேபிள் கீறல், ஆடும் கீசர் ஸ்விட்ச், மெத்தையில் பழைய கறை. உடனே கேர்டேக்கருக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும்போது பிடித்தம் என்று பேச்சு வந்தால், தேதியும் நேரமும் நம் பக்கம் நிற்கும்.

*

கேன்சல் விதியில், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸையும் சேர்த்துக் கேளுங்கள். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பாஸ் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா?

*

முதலில் குறைந்த விலை காட்டி, பணம் கட்டும் கட்டத்தில் ஏற்றுவது, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி தடை செய்யப்பட்ட 13 உத்திகளில் ஒன்று. புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

*

முழுத் தொகையையும் முதலிலேயே சொல்லும் வீட்டுக்காரர், பட்டியலில் விலை கூடியவராகத் தெரிகிறார். மறைத்தவருக்கு புக்கிங் போகிறது. மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிடும் பழக்கம் நமக்கு வந்தால்தான் நேர்மையானவர் தொழிலில் நிற்க முடியும்.