மூன்று பொட்டுகள்

எங்கள் மூத்த அண்ணன் கப்பலில் மின்பணியாளராக இருந்தவர். 2005-ஆம் ஆண்டு அவருடைய கப்பல் சிங்கப்பூரில் நின்ற நாள்களில், வானொலி அலையால் இயங்கும் சிறு கார் ஒன்றை வாங்கி வந்தார். உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. முப்பதைத் தாண்டிய மனிதருக்கு இப்படியும் ஓர் ஆசையா என்று வீட்டில் சிரித்தார்கள். தம்பியராகிய நாங்கள் இருவரும் அச்சிரிப்பில் முன்னின்றோம். 2021-இல் அண்ணன் மறைந்தார். கார் அவருடைய மகனுக்கு உரியதாயிற்று.

2024 கோடை விடுமுறையில் அது நின்றுபோயிற்று. மோட்டாருக்குள் உரசும் கார்பன் தேய்ந்துவிட்டது. 540 என்று வழங்கும் அவ்வகை மோட்டாரின் கூடு மூடி அடைக்கப்பட்டது. திறந்து கார்பன் மாற்ற வழியில்லை. புதிய மோட்டார் ஒன்றைத் தபாலில் வரவழைத்தோம். பழையதைக் குப்பையில் போடச் சொன்னோம். 12 வயதுப் பையன் மறுமொழி கூறாமல் அதை எடுத்துச் சென்றான்.

இரண்டு திருகாணி, இரண்டு கம்பி, அரைமணி நேர வேலை என்று எண்ணியிருந்தோம். தூத்துக்குடி வெயில் தணிந்தபின் மொட்டைமாடியில் விட்டுப் பார்த்தால், முன்னே போகச் சொன்னால் கார் பின்னே போயிற்று. கம்பிகளை இடம் மாற்றினோம், சரியாயிற்று. அடுத்து, காதைக் கிழிக்கும் கீச்சொலி. அப்போதுதான் பையன், "சித்தப்பா, சத்தத்துக்கு அப்பா என்னமோ வெச்சிருந்தாங்க" என்றான். மோட்டாரின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்தின் மீது இறுகிப் பதிந்திருப்பதைக் கண்டுவிட்ட பெருமிதத்தில் இருந்த நாங்கள், "அதைத்தானே பார்க்கிறோம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டோம். பற்களுக்கிடையே மெல்லிய காகித நறுக்கைக் கொடுத்துத் திருகாணியை முடுக்கி, பின் காகிதத்தை உருவி எடுத்தோம். வேண்டிய இடைவெளி அமைந்தது, கீச்சொலி அடங்கிற்று.

உண்மையான தொல்லை அதற்குப் பின்னரே தொடங்கியது. மெதுவாகச் சென்றவரை கார் நல்ல பிள்ளை. வேகத்தைக் கூட்டியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெட்டி இழுத்தன. பத்தடி ஓடி விக்கித்து நின்றது. மின்கலத்தை அளந்தோம், 1.2 வோல்ட் கொண்ட ஆறு கலங்களும் நலமாகவே இருந்தன. கையில் பிடிக்கும் கருவியின் பேட்டரிகளை மாற்றினோம், பயனில்லை. காரின் ஏரியல் கம்பி சுருண்டு கிடந்ததைக் கண்டதும் எங்கள் கோபத்திற்கு ஓர் இடம் கிடைத்தது. "அப்பா ஆசையாக வைத்திருந்த பொருளை இப்படியா பாழாக்குவது?" என்று ஒருவர் தொடங்க, மற்றவரும் சேர்ந்துகொண்டார். மதினி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையன் கீழே இறங்கிப் போய்விட்டான். ஏரியலை நீட்டிவிட்டோம். கார் முன்போலவே வெட்டி இழுத்தது.

மறுநாள் சற்று நிதானம் வந்தது. சக்கரங்கள் தரையில் படாதவாறு காரைச் செங்கல் மீது ஏற்றி, மோட்டாரின் கம்பியைக் கழற்றிவிட்டு, வேக விசையை முழுதும் அழுத்தினோம். முன்சக்கரங்கள் அசையவில்லை. கம்பியை மாட்டினோம், உடனே நடுக்கம். ஆகவே குழப்பம் மோட்டாரிலிருந்தே வருகிறது. மோட்டார் பழுது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கையில், பையன் ஒரு பிஸ்கட் டப்பாவுடன் வந்தான். அதனுள்ளே, துணியில் சுற்றிய பழைய மோட்டார்.

"அப்பா மோட்டார்ல மூணு பொட்டு இருக்கு. இதுல இல்ல."

காசளவுகூட இல்லாத மூன்று பழுப்பு நிறக் கண்டென்சர்கள். மின்னிணைப்பு முனைகள் இரண்டுக்கும் இடையே ஒன்று. ஒவ்வொரு முனையிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு ஒவ்வொன்று. 2019-இல் அண்ணன் அவற்றை வைத்தபோது டார்ச் பிடித்தவன் தானே என்றும், அப்போது தனக்கு வயது 7 என்றும் அவன் சொன்னான்.

அண்ணன் சொன்ன சத்தம் காதுக்குக் கேட்பதன்று. மோட்டாருக்குள் செப்புத் தகடுகளின் மீது கார்பன் உரசுகையில் இடைவிடாது பொறி தெறிக்கிறது. ஒவ்வொரு பொறியும் வானொலி அலைகளில் இரைச்சலைக் கிளப்புகிறது. 27 மெகாஹெர்ட்ஸில் வரும் கட்டளையை அவ்விரைச்சல் அமுக்கிவிடுகிறது. மிக்சி ஓடும்போது வீட்டு வானொலி கரகரத்த காலத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இரைச்சலை மோட்டாரின் வாசலிலேயே விழுங்குவதற்கே மூன்று பொட்டுகள். இந்நாளைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இத்தகைய இரைச்சலுக்கு எளிதில் மசிவதில்லை. எனவே மோட்டாரை விற்றவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. முதல் நாளே காதில் விழுந்த சொல்லுக்குப் பொருள் கேட்காத நாங்கள் வேறெவரைக் குறைசொல்வது?

பழைய மோட்டாரிலிருந்து அவற்றைப் பெயர்த்துப் புதியதில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும். ஈயம் உருக்கும் கோலும் சூடாகவே இருந்தது. பையன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டான். நாங்கள் கோலை அணைத்துவிட்டு, வானொலி பழுதுபார்க்கும் கடைக்கு நடந்தோம். 104 என்று பொறித்த கண்டென்சர், அதாவது 0.1 மைக்ரோபாரட். சில ரூபாய்தான்.

கூட்டின் மீது ஈயம் ஒட்ட மறுத்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியும், எங்களுடைய 25 வாட் கோலின் சூடு உலோகத்தில் பரவி வீணாயிற்று. பெரிய கோல் இரவல் வாங்கி வந்தோம். அப்போதும் உருண்டை உருண்டையாகவே படிந்தது. அண்ணன் வைத்த ஈயமோ இலைமேல் நீர்போல் மெலிந்து வழிந்திருந்தது. "அப்பா வெச்சதுதான் அழகு" என்றான் பையன். இருவரும் ஒப்புக்கொண்டோம், முந்தைய மாலை திட்டியது தவறு என்பதையும் அப்போதே சொன்னோம். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

டார்ச்சைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னோம். "அப்பாவுக்கு இப்படித்தான் பிடிப்பேன்" என்றான். எங்கள் கைநிழல் வேலையின் மீதே விழுந்தது. அப்படியே பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மூன்றாவது பொட்டையும் வைத்து முடித்தோம்.

அன்று மாலை மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கார் நேராக ஓடிற்று. மதினி படியேறி வந்து, தண்ணீர்த்தொட்டி ஓரமாக நின்று பார்த்தார்.