அத்தைக்கு, புது போனோடு

அன்புள்ள அத்தைக்கு,

பார்சலைப் பிரித்ததும் இந்தக் கடிதம்தான் முதலில் கைக்கு வர வேண்டும் என்று போன் பெட்டிக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறேன். படித்து முடிக்கும் வரை போனை ஆன் செய்ய வேண்டாம். நாளைக் காலையில் சமையல், பாத்திரம் எல்லாம் ஒதுக்கிவிட்டு நிதானமாக உட்காருங்கள். பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் படித்துச் சொல்லட்டும். அழுத்துவது மட்டும் உங்கள் விரலாக இருக்கட்டும்.

நானே எல்லாம் போட்டுத் தயாராக அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் உறை பிரிக்காமல் அனுப்புகிறேன். போன முறை நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைப் பையன் "நான் போட்டுத் தர்றேம்மா" என்று வாங்கி, கண்மூடித் திறப்பதற்குள் ஏதோ ஒரு ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்துவிட்டான். போன் ஓடும் வரை அது யாருக்கும் தெரியவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆன் செய்தபோது, பழைய ஜிமெயிலைச் சொல், இல்லாவிட்டால் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் 2015 முதல் இந்தப் பூட்டு இருக்கிறது. திருடியவன் போனை அழித்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. உங்கள் போனுக்கு நீங்களே அந்நியராகிவிட்டீர்கள். மாமா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் அந்தப் பையனுக்கே நினைவில்லாத ஒரு கணக்கோடு போயிற்று. அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கையால்.

முதலில் சிம். இப்போது வைத்திருக்கும் பட்டன் போனிலிருந்து எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினால் சின்ன சிம் தனியாக வரும். பெட்டிக்குள் ஒரு சிறு கம்பி இருக்கும். போனின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் தெரியும். எல்லாவற்றிலும் குத்திவிடாதீர்கள், ஒன்று மைக். சிம் வைக்கும் தட்டின் கோட்டை ஒட்டி இருக்கும் ஓட்டையில் மட்டும் அழுத்துங்கள், தட்டு வெளியே வரும். சிம்மின் ஒரு மூலை வெட்டியிருக்கும், தட்டிலும் அதே வெட்டு இருக்கும். இரண்டும் பொருந்தினால் சரி.

ஆன் செய்ததும் ஆங்கிலத்தில் வரவேற்கும். அந்த ஆங்கிலப் பெயரையே தொட்டால் மொழிகளின் பட்டியல் விரியும். கீழே தள்ளிக்கொண்டே போய்த் தமிழைத் தொடுங்கள். இதை முதலிலேயே செய்துவிட்டால் மீதிக் கேள்விகள் எல்லாம் நீங்கள் வாசிக்கும் மொழியிலேயே வரும். டீச்சர் வீட்டு வைஃபை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சிம்மின் நெட் போதும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான இடம். கூகுள் கணக்கு கேட்கும். டீச்சருடையது வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். "கணக்கை உருவாக்கு" என்பதைத் தொட்டு, ஆதாரில் இருக்கும் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் போடுங்கள். மீட்புக்கு உங்கள் நம்பரையே கொடுங்கள். பாஸ்வேர்டு குறைந்தது எட்டு எழுத்து இருக்க வேண்டும். மாமா பெயரோ போன் நம்பரோ வேண்டாம், ஊரில் யாரும் ஊகித்துவிடுவார்கள். போட்டதும் ஒரு தாளில் ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் தெளிவாக எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் பூட்டி வைத்த தாளைவிட, மறந்துபோன பாஸ்வேர்டுதான் நமக்கு இதுவரை அதிக நஷ்டம் செய்திருக்கிறது.

அதற்கப்புறம் ஒப்புதல் கேட்டு வரிசையாக வரும். அடிப்படை விதிகளுக்கு ஒப்புக்கொண்டால்தான் போன் திறக்கும். விளம்பரம், சலுகை, கூடுதல் ஆப் என்று டிக் போட்டு வருவதையெல்லாம் எடுத்துவிட்டுத் "தவிர்" கொடுங்கள். போனுக்கு ஒன்றும் ஆகாது.

விரல் ரேகை கேட்கும்போது மனம் சோர்ந்துவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீசில் இத்தனை வருடம் வேலை பார்த்த விரல்கள். ரேஷன் கடை மிஷினில் துடைத்துத் துடைத்து வைத்தும் ரேகை விழாமல் நீங்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவி, துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, கட்டைவிரலின் நடுவையும் ஓரங்களையும் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு கட்டைவிரலையும் பதிவு செய்யுங்கள். விழவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆறு இலக்க பின் நம்பர் போதும். ரேகை விழுந்தாலும், போனை அணைத்துப் போட்டால் அந்த நம்பரைத்தான் கேட்கும்.

செட்டிங்ஸில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அவசரத் தகவல் என்ற இடத்தில் உங்கள் ரத்த வகை, சர்க்கரை மாத்திரை, என் நம்பர் மூன்றையும் போடுங்கள். பூட்டிய போனிலும் அதைப் பார்க்க முடியும், வழியில் மயக்கம் வந்தால் உதவுகிறவர்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். உங்கள் நம்பருக்கு ஆறு இலக்க எண் வரும். அது உங்களுக்கு மட்டும்தான். சொந்தக்காரன் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள், அதை வைத்து உங்கள் வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வார்கள். உள்ளே போனதும் அரட்டை பேக்கப்பை "தினமும்" என்று வையுங்கள். இனி அது உங்கள் கூகுள் கணக்கில்தான் சேரும். போட்டோவுக்கும் அதே இடம்தான். மொத்தம் 15 ஜிபி இலவசம், உங்களுக்குத் தாராளம். டைப் செய்ய சிரமமாக இருந்தால் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசுங்கள், அதுவே எழுதும். மாமா எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் என்னிடம் இருக்கின்றன. அன்றைக்கே உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.

பணம் அனுப்பும் ஆப்பை அன்றே போட வேண்டாம். போன் கைக்குப் பழகட்டும். போடும்போது, வங்கியில் கொடுத்த நம்பர் இதே போனில் இருக்க வேண்டும். ஆப்பே போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும், அதனால் கொஞ்சம் பேலன்ஸ் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அத்தை. யுபிஐ பின் என்பது பணம் கொடுக்கவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதில்லை. "பென்ஷன் வருது, பின் போடுங்க" என்று எவனாவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் இருக்கும். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கவும், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் அது வேண்டும். பில்லையும் பார்சலுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

எந்தத் திரையில் குழப்பம் வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். போன் காத்திருக்கும். டீச்சர் போனிலிருந்து என்னைக் கூப்பிடுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. கடைக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், அத்தை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்