வண்டியை எடு மாப்ள!

தமிழ் சினிமாவிலேயே ரொம்ப ஆபத்தான வசனம் எது தெரியுமோ? 'உன்னைத் தீர்த்துடுவேன்' இல்லை சார். 'வண்டியை எடு மாப்ள, போற வழியில சொல்றேன்' என்பதுதான்! அந்த நேரத்தில் 'எங்கே, எதுக்கு, எப்போ திரும்பி வருவோம்?' என்று ஒரே ஒருத்தன் கேட்டிருந்தால் பாதிப் படங்களில் இடைவேளைக்கு முன்பே சுபம் போட்டிருப்பார்கள்.

ஆனால், கேட்க மாட்டான். கேட்டால் நமக்கே பிடிக்காது. ஆபீஸில் மேனேஜர் முன்னால் வாயைத் திறக்காத நாம், தியேட்டரில் ஒருத்தன் நண்பனுக்காக அரிவாளைத் தூக்கினால் ஸீட்டில் ஏறி நின்று விசில் அடிக்கிறோம். செஞ்சோற்றுக் கடனுக்காகச் செத்த கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்த ரத்தமாச்சே! 1991 தீபாவளிக்கு மணிரத்னம் அந்தக் கர்ணனைத்தான் ரஜினியாகவும், துரியோதனனை மம்முட்டியாகவும் 'தளபதி'யில் கொண்டுவந்தார். அதன் பிறகு எத்தனை டீக்கடைகளில் எத்தனை சூர்யாக்கள்! தேவாவாக நின்று டீக்கு காசு கொடுக்கத்தான் ஆளில்லை.

அந்த விசிலைத் தொண்டையிலேயே நிறுத்திய படம், 2008-ல் சசிகுமார் எடுத்த 'சுப்ரமணியபுரம்'. 1980-ல் நடக்கிற மதுரைக் கதை. வேலைவெட்டி இல்லாத பையன்கள். போலீஸ் பிடித்துப் போனால் ஜாமீனில் எடுக்க ஓர் அரசியல் குடும்பம் இருக்கிறது. அந்த நன்றிக் கடனுக்கு, தங்களுக்கு எந்தப் பகையும் இல்லாத ஒருத்தரைக் கொல்கிறார்கள் பரமனும் அழகரும். ஜெயிலுக்குப் போனதும் அந்தக் குடும்பம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பழகிய இன்னொருத்தர் ஜாமீன் எடுத்துத் தருகிறார். அதற்கும் விலை ஒரு கொலைதான். கந்துவட்டிகூட இந்த ரேட் கிடையாது! கடைசியில் பரமனைக் காட்டிக்கொடுப்பதும் எதிரி இல்லை. சேர்ந்து சாப்பிட்ட காசிதான்.

எங்கள் திருச்செந்தூருக்கு இந்தக் கதை புதுசு இல்லை. வருஷா வருஷம் கந்த சஷ்டியன்று கடற்கரையில், லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் பார்ப்பதுதான். முதலில் யானைமுகன் விழுவான். அப்புறம் சிங்கமுகன். சூரன் முறை அதற்கும் பிறகுதான். கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் இந்தச் சிங்கமுகன், 'தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுடு அண்ணே' என்று புத்தி சொன்னவன். அண்ணன் கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்தும் இவன் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எல்லோரும் சூரனைப் பார்க்கக் கழுத்தை நீட்டும்போது, எனக்கு அந்தச் சிங்கத் தலை சாய்வதைப் பார்த்தால்தான் மனசு ஒரு மாதிரி ஆகும்.

என்னோடு படித்த ஒருத்தன் இருக்கிறான். போலீஸ் வேலைக்கு உயிரைக் கொடுத்துத் தயாரானான். எழுத்துத் தேர்வில் பாஸ், ஓட்டத்தில் பாஸ், கயிறு ஏறுவதிலும் பாஸ். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு ராத்திரி நண்பன் கூப்பிட்டானென்று பைக்கை எடுத்திருந்தான். அங்கே அடிதடி, ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. எஃப்.ஐ.ஆரில் இவன் பெயரும் ஏறியது. சரிபார்ப்பில் அது வந்து நின்றது, வேலை போச்சு. "நான் இறங்கக்கூட இல்லலே, வண்டியில உக்காந்துதான் இருந்தேன்" என்பான் என்னிடம். சண்டை போட்ட இரண்டு குடும்பமும் ராசியாகி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கொடுத்துக்கொள்கிறார்கள். கேஸ்தான் ராசியாகவில்லை. வாய்தாவுக்கு அதே பைக்கில்தான் போய் வருகிறான்.

சட்டத்துக்கு நட்பைப் பற்றித் தனி அபிப்பிராயம் உண்டு. அஞ்சு பேரோ அதற்கு மேலோ ஒரு சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அதற்காக ஒருத்தன் குற்றம் செய்தால், அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 149-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. நம்பர்தான் மாறியது. நோக்கம் தெரியாமல் சும்மா நின்றவன் தப்பிக்கலாம்தான். ஆனால் 'சும்மாதான் நின்றேன்' என்று கோர்ட்டில் சொல்லி முடிப்பதற்குள் அவன் வயசில் பாதி போயிருக்கும்.

வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எங்கல ஓடுத? உக்காரு, முதல்ல டீயைக் குடி" என்று சொல்கிற நண்பனை ஹீரோவாக வைத்து யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தயாரிப்பாளர் அழுவார். அழட்டுமே... அந்தப் பையனின் அம்மா அழ மாட்டாள், இல்லையா?